சேலைக்கட்டு பழக வரும் பிள்ளைகளுக்கு

எனக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. காரைக்குடிப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்து, பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் பக்கத்துப் பின்கொசுவத்தையும் எனக்குத் தெரிந்த வேறு சில பழைய கட்டுகளையும், கேட்டு வருகிற பிள்ளைகளுக்குப் பல வருடமாகச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். வருகிற எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். எண் போட்டிருப்பது படிக்க வசதியாக இருக்கட்டும் என்றுதான். எதில் வேண்டுமானாலும் தொடங்கலாம், இரண்டாவதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

1. முதலில் ஒரே ஒரு கட்டு.

ரிதா கபூர் சிஷ்டி 2010இல் வெளியிட்ட புத்தகத்தில் இந்தியா முழுவதிலும் இருந்து 108 விதமான கட்டுகளைத் திரட்டிக் கொடுத்திருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகள் முதல் நாளே மராட்டியக் கச்சமும் வேண்டும், வங்காளக் கட்டும் வேண்டும், மடிசாரும் வேண்டும் என்கிறார்கள். ஆசையில் தப்பில்லை. ஆனால் ஒரு கட்டை நாற்பது தடவையாவது கட்டி அவிழ்த்தால்தான் எந்த இடத்தில் இழுக்கணும், எந்த இடத்தில் விட்டுக் கொடுக்கணும் என்பது கைக்குப் பிடிபடும். கைக்குப் பிடிபட்டுவிட்டால் அடுத்த கட்டு சீக்கிரம் வரும். பின்கொசுவம் நன்றாகத் தெரிந்த ஒரு பெண் குடகுப் பெண்களின் கட்டை முதல் தடவை பார்த்ததுமே, “இதுவும் நம்ம மாதிரி பின்னாடிதானே மடிப்பு வைக்கிறாங்க, முந்திதான் வலது தோளுக்குப் போகுது” என்று சொன்னாள். அன்று சாயங்காலத்துக்குள் கட்டியும் காட்டினாள்.

எந்தக் கட்டை எடுப்பது என்று கேட்டால், உங்கள் குடும்பத்தில் யாராவது ஒருவர் கட்டியதை எடுங்கள். சந்தேகம் கேட்க ஆள் இருக்கும்.

2. முதுகைப் பாருங்கள்.

எங்கள் அப்பத்தா கடைசி நாள் வரைக்கும் பின்கொசுவம்தான். எட்டு கெஜக் கண்டாங்கி, பாவாடை கிடையாது, நாடா கிடையாது, ஊக்கு கிடையாது. விடியற்காலை இருட்டில், கண்ணாடி பார்க்காமல், அடுப்புப் பற்ற வைப்பதற்குள் கட்டி முடித்திருப்பார். நான் அதைப் பதினெட்டு வருடம் தினமும் பார்த்தேன். ஒரு நாளும் கற்றுக்கொள்ளவில்லை. கல்லூரிக்குப் போன எனக்கு முன்கொசுவம் போதும் என்று இருந்தது. கேட்டால் சொல்லிக் கொடுத்திருப்பார், நான்தான் கேட்கவில்லை.

அவர் போய் இருபது வருடம் கழித்து, பள்ளி ஆண்டு விழாவில் ஒரு கிராமத்து நாடகம். பாட்டி வேடம் போட்ட பிள்ளைக்குப் பின்கொசுவம் கட்டிவிட நினைத்தேன். மடிப்பு வைத்தேன், சுற்றினேன். நாலு அடி நடந்ததும் மொத்தமும் சரிந்தது. எங்கள் வீட்டில் அப்பத்தாவின் படங்கள் ஆறு இருந்தன. எல்லாவற்றையும் எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். ஆறும் முன்பக்கம் பார்த்து எடுத்தவை. கொசுவம் இருந்ததோ முதுகுப் பக்கம். அன்றைக்கு நான் அழுததை மறைக்க வேண்டியதில்லை.

பிறகு தேவகோட்டைச் சந்தையில் கீரை விற்ற ஓர் ஆத்தாவின் இடுப்பில் அதே கொசுவத்தைப் பார்த்தேன். அவர் வீட்டுக்கே போய் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். எனக்குத் தெரியாமல் போனது ஒரு சின்ன முடிச்சு. நம் வழக்கமான கட்டில் கொசுவம் கடைசியாக வரும். இதில் அது முதலில் வருகிறது. உள்முந்திப் பக்கமே மடிப்பு வைத்து, அதை இடுப்புக்குப் பின்னால் நிறுத்திப் பிடித்துக்கொண்டு, மீதித் துணியை முன்னால் சுற்றிக் கொண்டுவர வேண்டும். அந்தச் சுற்றுத்தான் கொசுவத்தின் கழுத்தை இறுக்கிப் பிடிக்கிறது. சுற்றின் மேல்கரையையும் உள்முந்தியின் மூலையையும் சேர்த்து முறுக்கி, சுண்டைக்காய் அளவுக்கு ஒரு முடிச்சுப் போட்டு, இடுப்புக்குள் தள்ளிவிட்டார் அந்த ஆத்தா. கொசுவத்தின் தலைப்பகுதியை வெளியே எடுத்துவிட்டதும் அது விசிறி மாதிரி விரிந்து விழுந்தது. முந்தி இடது தோளில் ஏறி, முதுகில் இறங்கி, வலது இடுப்பைச் சுற்றி முன்னால் வந்து செருகிக்கொண்டது. “இழுத்துப் பாரு தாயி” என்றார். இரண்டு கையாலும் இழுத்தேன். அசையவில்லை.

அந்த முடிச்சு வெளியே தெரியாது. படத்தில் வராது. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவளுக்குத்தான் தெரியும்.

3. எதிரே நின்று கற்காதீர்கள்.

சொல்லிக் கொடுப்பவர் முன்னால் நின்று பார்த்துக் கட்டினால் இடமும் வலமும் மாறிப் போகும். கைப்பேசியில் முன்பக்கக் கேமராவில் எடுத்ததைப் பார்த்துப் பழகுகிறவர்களுக்கு இந்தத் தப்பு நிறைய வருகிறது. சாதாரணத் தப்பு இல்லை இது. மடிசாரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐயர் வீட்டில் முந்தி வலது தோளில், ஐயங்கார் வீட்டில் இடது தோளில். எதிரே நின்று பழகிய ஒரு பிள்ளை, தன் பாட்டி கட்டியது என்று நினைத்துக்கொண்டு வேறு வீட்டுக் கட்டைக் கட்டி வந்தாள். பாட்டி பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார். அவருக்கு மனசு வருத்தம்.

பக்கத்தில், அதே திசையைப் பார்த்து நில்லுங்கள். அல்லது பின்னால் நில்லுங்கள். அவர் கை போகும் பக்கம் உங்கள் கையும் போகட்டும்.

4. பழகுவதற்குப் பருத்தி.

பட்டிலும் ஜார்ஜெட்டிலும் தொடங்க வேண்டாம், வழுக்கும். இரண்டு மூன்று தடவை துவைத்து, லேசாகக் கஞ்சி போட்டு உலர்த்திய பருத்திச் சேலைதான் வைத்த மடிப்பில் நிற்கும். புத்தம் புதுச் சேலை விறைப்பாக இருந்து உங்களோடு மல்லுக்கு நிற்கும், அதுவும் வேண்டாம்.

நீளம் முக்கியம். இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் ஐந்தரை மீட்டர், ரவிக்கைத் துணியோடு சேர்த்து ஆறேகால் மீட்டர் சொச்சம். ஐந்தரை மீட்டர் என்றால் 6 கெஜம், பழைய கணக்கில் 12 முழம். மடிசாருக்கு 9 கெஜம், அதாவது 18 முழம், மீட்டரில் எட்டே கால் சுமார். 6 கெஜத்தில் மடிசார் கட்ட முயன்றுவிட்டு, “எனக்கு வரவில்லை” என்று சொல்லாதீர்கள். துணிதான் போதவில்லை. 9 கெஜம் வாங்க வசதி இல்லாவிட்டால் இரண்டு பழைய பருத்திச் சேலைகளை ஓட்டுத் தையல் போட்டு இணைத்து, நீளத்தை அளந்து வெட்டிப் பழகுங்கள். நான் அப்படித்தான் பழகினேன்.

5. கட்டிக்கொண்டு வேலை செய்யுங்கள்.

எல்லாவற்றிலும் அதிகமாக நான் வற்புறுத்துவது இதைத்தான். கட்டி முடித்ததும் படம் எடுத்துவிட்டு அவிழ்த்து வைத்தால் நீங்கள் பாதிகூடக் கற்கவில்லை. அந்தச் சேலையோடு தரையில் சம்மணம் போட்டு உட்காருங்கள். குனிந்து வாசல் கூட்டுங்கள். மாடிப்படி ஏறுங்கள். ஒரு குடம் தண்ணீர் தூக்குங்கள். எங்கே நழுவுகிறதோ அங்கே உங்கள் கட்டில் குறை இருக்கிறது என்று அர்த்தம்.

பழைய கட்டு ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வேலைக்காக உண்டானது. நாற்று நடுகிறவள் சேற்றில் கரை படாமல் இருக்க முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகினாள். கடலை பொறுக்குகிறவள் முன்பக்கத் துணியை மடித்து மடி கட்டினாள், ஒரு படி கடலை அதில் கொள்ளும். எங்கள் அப்பத்தாவின் இடுப்புச் செருகலில் சுருக்குப்பை இருக்கும், அதற்குள் வெற்றிலையும் நாலணாவும். கண்டாங்கியைக் கணுக்காலுக்கு மேலேயே நிறுத்திக் கட்டினார்கள். கொசுவம் பின்னால் போனதால் முன்னால் கால் தடுக்காது, வீசி நடக்கலாம். “வரிந்து கட்டிக்கொண்டு” என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அந்த வரிதல் இடுப்பில் நடந்த ஒன்று.

ஒரு வாரம் வீட்டு வேலையை உங்கள் கட்டோடு செய்து பாருங்கள். எதற்காக முந்தி திரும்பவும் இடுப்புக்கு வந்து செருகப்படுகிறது என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது.

6. ஊக்கு.

முதல் மாதம் ஒரு ஊக்குக்கூட வேண்டாம். சரியட்டும். எங்கே சரிகிறது என்று பாருங்கள். அதற்குப் பிறகு, விசேஷத்துக்கு, தோளில் ஒன்று குத்திக்கொள்ளலாம்.

7. சொற்களை எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு பாட்டியிடம் கட்டு கற்கப் போகும்போது சின்ன நோட்டு ஒன்று கொண்டுபோங்கள். அவர் எதை எப்படிச் சொல்கிறாரோ அப்படியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். முந்தானை, முந்தி, தலைப்பு, மாராப்பு, உள்முந்தி, கச்சம், மடி, கரை என்று ஊருக்கு ஊர் பேச்சு மாறும். முந்தானை என்பது முன் தானை, தானை என்றால் துணி. கொசுவம் என்று நாம் சாதாரணமாகச் சொல்வதற்குக் கொய்சகம் என்ற பழைய வடிவம் அகராதியில் இருக்கிறது. இந்தச் சொற்கள் சேலையோடு சேர்ந்து வந்தவை. கட்டைக் காப்பாற்றி, அதன் உறுப்புகளை எல்லாம் ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுத்தால் அடுத்த தலைமுறைக்குப் பாதிதான் போய்ச் சேரும்.

விரல் அளவையும் எழுதுங்கள். கீரைக்கார ஆத்தா மடிப்பை எப்படி அளந்தார் தெரியுமா? கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து, நடுவில் துணியைப் போட்டு, திருப்பித் திருப்பி அடுக்கினார். அவர் கை சின்னது, அதனால் மடிப்பும் சின்னது. இத்தனை அங்குலம் என்று நான் எழுதியிருந்தால் அது பொய்யாகப் போயிருக்கும்.

8. படம் எடுக்கும்போது.

பிரெஞ்சு மானிடவியலாளர் ஷாந்தால் பூலாஞ்சே தமிழ்நாட்டுக் கோயில்களை ஆராய வந்தவர். பிறகு சேலைக்கட்டுகளைத் தேடி அலைந்து, 1997இல் படிப்படியான விளக்கப் படங்களோடு ஒரு புத்தகம் கொண்டுவந்தார். 2017இல் ‘தி சாரி சீரீஸ்’ என்ற பெயரில் எண்பதுக்கும் மேற்பட்ட கட்டுகள் குறும்படங்களாக வந்தன, யாரும் காசு கொடுக்காமல் பார்க்கலாம். இரண்டுக்கும் நான் கடன்பட்டவள். உங்கள் கையில் கைப்பேசி இருக்கிறது, நீங்களும் எடுக்கலாம். சில விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒரே கட்டை முன், பின், இடம், வலம் என்று நாலு பக்கத்திலிருந்தும் தனித்தனியாக எடுங்கள். செருகும் இடத்தில் விரல்களை நெருக்கத்தில் எடுங்கள். பின்னணியில் பாட்டுப் போடாதீர்கள், பாட்டியின் பேச்சு கேட்கட்டும். “இங்கே மூச்சை இழுத்துக்கோ” என்று அவர் முணுமுணுப்பதுதான் பாடம்.

எடுப்பதற்கு முன் கேளுங்கள். எடுத்த பிறகு அவருக்கே போட்டுக் காட்டி, வெளியில் போடலாமா என்று மறுபடியும் கேளுங்கள். பழைய கட்டு கட்டும் பெண்கள் சிலர் ரவிக்கை போடாதவர்கள். அவர்கள் வீட்டுத் திண்ணையில் அது இயல்பு. அதையே ஆயிரம் பேர் பார்க்கும் இடத்தில் போட்டுவிட்டு, கண்டவர்கள் கண்டபடி எழுதுவதை அந்தக் குடும்பம் படிக்கும்படி செய்யாதீர்கள். வேண்டாம் என்றால் வேண்டாம். உங்கள் கைகளில் கற்றுக்கொண்டு, உங்கள் உடம்பில் கட்டிக் காட்டுங்கள். அவர் சம்மதித்தால் அவர் பேரையும் ஊரையும் சொல்லுங்கள்.

9. இதன் வலியையும் தெரிந்துகொள்ளுங்கள்.

சேலைக்கட்டை அழகு, பாரம்பரியம் என்று மட்டும் பேசினால் நாம் உண்மையில் பாதியை மறைக்கிறோம். யார் எப்படிக் கட்டலாம் என்பதைச் சாதி தீர்மானித்த காலம் ரொம்ப தூரத்தில் இல்லை. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூரோடு இருந்தபோது, அங்கே நாடார் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை போடுவதற்கே பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. தோள்சீலைப் போராட்டம் என்பது அதுதான். 1859 ஜூலையில் மன்னரின் அறிவிப்பு வந்தது. அப்போதும், மேல்சாதிப் பெண்கள் அணிகிற அதே முறையில் அணியக்கூடாது என்று ஒரு நிபந்தனை இருந்தது. துணியை அனுமதித்தார்கள், கட்டை அனுமதிக்கவில்லை. இதை என் வகுப்பில் ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன்.

எங்கள் வீட்டிலேயே ஒன்று. அப்பத்தாவின் தங்கை, நான் சின்ன அப்பத்தா என்று கூப்பிடுவேன், பத்தொன்பது வயதில் தாலியறுத்தவர். அதன் பிறகு வெள்ளைச் சேலைதான், ரவிக்கை கிடையாது. எங்கள் தெருவிலேயே கொசுவம் மடிப்பதில் அவர் கையை மிஞ்ச ஆளில்லை. ஒரு மடிப்புக்கும் அடுத்த மடிப்புக்கும் நூலளவு வித்தியாசம் இருக்காது. ஆனால் ஒரு கல்யாணப் பெண்ணுக்குக்கூட அவரைக் கூறைச்சேலை கட்டிவிட விட்டதில்லை. கதவுக்குப் பின்னால் நின்று, “இன்னும் ரெண்டு மடிப்பு வை” என்று மெதுவாகச் சொல்லுவார். நீங்கள் சொல்லிக் கொடுக்கும் இடத்தில் யாரையும் கதவுக்குப் பின்னால் நிறுத்தாதீர்கள். எந்தச் சாதி, கணவன் இருக்கிறாரா இல்லையா, எதையும் கேட்காதீர்கள். ஆண்பிள்ளை கற்க வந்தாலும் உள்ளே வரட்டும். தெருக்கூத்தில் பெண் வேடம் கட்டுகிற ஆண்களும், கோயிலில் அம்மனுக்குக் கொசுவம் வைத்துச் சாத்துகிற குருக்களும் இந்தக் கலையை நம்மோடு சேர்ந்து காத்தவர்கள்தான்.

10. இன்றைய கட்டைக் குறைத்துப் பேசாதீர்கள்.

பழைய கட்டு தெரிந்ததும் சில பிள்ளைகளுக்கு, முன்கொசுவம் வைத்து இடது தோளில் முந்தி போடுகிறவர்களைப் பார்த்து ஓர் இளக்காரம் வந்துவிடுகிறது. வேண்டாம். அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1860களில் வங்காளத்திலிருந்து பம்பாய்க்குப் போன ஞானதாநந்தினி தேவி, ரவீந்திரநாத் தாகூரின் அண்ணி, அங்கே பார்சிப் பெண்கள் கட்டுவதைப் பார்த்துப் பழகி, வெளியே போய்வரத் தோதாக ஒரு முறையை அமைத்துக்கொண்டார். ஊர் திரும்பியதும் தனக்குள் வைத்துக்கொள்ளவில்லை. சொல்லித் தருகிறேன் என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். வீட்டை விட்டு வெளியே போகப் பெண்களுக்கு ஒரு கட்டு தேவைப்பட்டது, அவர் அதைக் கொடுத்தார். பேருந்து பிடித்துப் பள்ளிக்கூடம் போன என்னையும் நாற்பது வருடம் சுமந்தது முன்கொசுவம்தான்.

ஒன்று மட்டும் இருந்து மற்றவை எல்லாம் போய்விடுவதுதான் எனக்குக் கவலை. மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் ராஜா ரவிவர்மா வரைந்த இசைக் கலைஞர்கள் ஓவியம் இருக்கிறது. 1889 வாக்கில் வரைந்தது. பதினோரு பெண்கள், பல பிரதேசத்தவர், ஆளுக்கொரு உடை. இன்று அதே மாதிரி பதினோரு பெண்களை உட்கார வைத்தால் சேலையின் நிறம்தான் மாறும், கட்டு மாறாது.

11. சொல்லிக் கொடுக்கும்போது உங்கள் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

இதுதான் சிரமம். எதிரில் ஒரு பிள்ளை தடுமாறும்போது நமக்குக் கை பரபரக்கும், இழுத்து ஒரு செருகு செருகிவிடத் தோன்றும். செய்தீர்களானால் அன்றைக்கு அவள் அழகாக இருப்பாள், நாளைக்கு அவளுக்குத் தெரியாது. வாயால் சொல்லுங்கள். ஐந்து தடவை அவிழட்டும். ஆறாவது தடவை அவளே முடிச்சைக் கண்டுபிடிப்பாள்.

நாலு பேருக்கு மேல் ஒரு நேரத்தில் வேண்டாம். கற்ற ஒவ்வொருவரும் இன்னொருத்திக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்து சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் வாங்கும் கட்டணம் அதுதான்.

12. தைத்து வரும் கட்டு.

மடிப்பை முன்னாலேயே தைத்து, கொக்கி வைத்து விற்கிறார்கள், மடிசாரும் அப்படிக் கிடைக்கிறது. கை நடுங்குகிறவர்களுக்கு, கீல்வாதக்காரர்களுக்கு, அவசரத்துக்கு அது உதவிதான். வாங்கட்டும். ஆனால் தைத்ததை அணிவது கட்டுவது ஆகாது. தைத்த சேலை ஒரே அளவு உடம்புக்குத்தான். தைக்காத துணியோ பதினாறு வயதில் கட்டினவளுக்கும் நிறைமாதத்தில் கட்டினவளுக்கும் எழுபதில் கட்டுகிற எனக்கும் பொருந்தி வருகிறது.

13. நெய்பவர்களிடம் போங்கள்.

காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சி. ஆனால் பின்கொசுவத்துக்கு ஏற்ற பழைய நீளத்தில் வேண்டும் என்று கேட்டால்தான் நெய்வார்கள், கேட்க ஆள் இல்லாவிட்டால் தறியில் அந்த நீளம் ஏறாது. நாலு பேர் சேர்ந்து சொல்லி வைத்து வாங்குங்கள். பழைய கட்டில் எந்தக் கரை மேலே வரும், எது மறையும் என்று வயதான நெசவாளரிடம் கேளுங்கள். பல நேரம் கட்டுகிறவர்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

14. போய்க் கேளுங்கள்.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது துவைத்த பருத்திச் சேலை ஒன்றைப் பையில் வையுங்கள். உங்கள் தெருவில், எண்பதைத் தாண்டிய ஒரு அம்மா இருப்பார். மதியச் சாப்பாடு முடிந்து, வெயில் தாழும் நேரத்துக்குப் போங்கள். பக்கத்தில் உட்காருங்கள். உங்கள் காலத்தில் எப்படிக் கட்டினீர்கள் என்று கேளுங்கள். “அதெல்லாம் மறந்துபோச்சு” என்றுதான் முதலில் சொல்லுவார். சேலையை அவர் கையில் கொடுங்கள்.